‘ரூடு’ என்ற சொல்லும் எங்கள் ‘ங்க’வும்

1

இங்கிலாந்துக்கு வந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கைக் கொண்டாட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் இந்த வருடம் பங்குனியில் ஊருக்கு வந்துபோன பிறகு, ஒரு சொல்லைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. சின்னச் சொல்தான். ஆங்கிலத்தில் நாலே எழுத்து. ‘ரூடு’. நம்மூரில் இதைச் சொன்னால் முதலில் பஸ் போகும் ‘ரூட்டு’ என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. இது மரியாதை தெரியாதவர், முரட்டுத்தனமாகப் பேசுகிறவர் என்று அர்த்தம் தருகிற சொல்.

இந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் மேல் விழுந்தது. முதலில் என் மேல், இங்கே. பதினைந்து வருடம் கழித்து என் மகள் மேல், பல்லடத்தில்.

2

எனக்குச் சொந்த ஊர் சூலூர். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தேன். காலையில் ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். “வாங்க. உக்காருங்க. கையக் குடுங்க. விரல மடக்குங்க. ஆச்சுங்க, போயிட்டு வாங்க.” ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் இதைச் சொல்வேன். என் கை நல்ல கை என்று பேர். நரம்பு கிடைக்காத பாட்டிமார்கள் எனக்காகக் காத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் கணபதியில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியில் லேத் ஓட்டினவர். அவருக்கு இங்கே ஓர் இயந்திர உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத்தான் நாங்கள் வந்தோம். ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு பயிற்சி, படிவம், பரீட்சை, மறுபடியும் படிவம். கடைசியில் அரசு மருத்துவமனை ஒன்றில் அதே ரத்தம் எடுக்கிற வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிரந்தரம் செய்வார்கள்.

நாலாவது மாதம், எங்கள் பிரிவு மேலாளர் லிண்டா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். இந்த நாட்டில் மேலாளர் கதவைச் சாத்தினால் நல்ல சேதி இல்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

மேசையில் ஒரு கடிதம். பேனாவால், அழகான சாய்வெழுத்தில் எழுதியது. எழுதியவர் ஹார்ட்லி என்ற எழுபது வயதுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடிதத்தில் ஒரு வரியின் கீழே லிண்டா பென்சிலால் கோடு போட்டிருந்தார். ‘உங்கள் ஊழியர் நாயை அதட்டுவதுபோல எனக்கு உத்தரவு போட்டார். அவர் ரூடு.’

நான் ஒருவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதிலும் நான் கொங்குநாட்டுக்காரி. தெருநாயைக்கூட ‘அக்கட்டப் போங்க’ என்று விரட்டுகிற ஊர்.

“அவரிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?” என்று லிண்டா கேட்டார்.

எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன் என்றேன். சொல்லிக்காட்டு என்றார். சொன்னேன். சிட் டவுன். கிவ் யுவர் ஹேண்ட். குளோஸ் ஃபிங்கர்ஸ். ஃபினிஷ்ட். கோ அண்ட் கம்.

லிண்டா உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார். சிரிக்கிறாரா, வருத்தப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “போய், திரும்பி வா என்றா சொன்னாய்? அவர் இன்னொரு ஊசிக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து நடைபாதையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.”

‘போயிட்டு வாங்க’ என்பதை வேறு எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் வெறும் ‘போங்க’ என்று யாரையும் அனுப்புவதில்லை என்று அவருக்கு விளக்க எனக்கு அன்றைக்கு ஆங்கிலம் போதவில்லை. அடுத்த வாரம் ஹார்ட்லியும் நானும் லிண்டாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும், அதன் முடிவு என் கோப்பில் போகும் என்று சொல்லி அனுப்பினார்.

3

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனைக்கு எதிரே இருந்த நகர நூலகத்துக்குப் போனேன். என்னை என்னவென்று சொன்னார் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா. சின்ன அகராதியில் இரண்டு வரிதான் இருந்தது. தடிமனான அகராதி ஒன்றை எடுத்தேன். அதில் அரைப் பக்கம்.

மரியாதையில்லாத என்பது அதில் ஓர் அர்த்தம். அதற்கும் பழைய அர்த்தங்கள் நிறைய இருந்தன. செதுக்காத கல். சீவாத மரம். அவசரத்துக்குக் கட்டிய குடிசை. பயிர் வைக்காத நிலம். படிப்பு வாசனை படாத ஆள். ஆபாசமான பேச்சுக்கும் இதே சொல். எதிர்பாராமல் தூக்கிவாரிப்போடுகிற மாதிரி உண்மை தெரிய வந்தால் அதற்கும் இது. இதில் என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. திடகாத்திரமாக இருக்கிற ஆளை ‘ரூடு ஹெல்த்’தில் இருக்கிறார் என்று பாராட்டுவார்களாம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஒரு டாக்டர், தொண்ணூறு வயது அம்மாள் ஒருவரை அப்படிச் சொன்னார். பாவம், அந்த அம்மாள் என்ன மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார் என்று நான் யோசித்திருந்தேன்.

கீழே, சொல் பிறந்த கதை. லத்தீனில் ‘ரூதிஸ்’ என்ற சொல்லாம். இன்னும் கை படாதது, பக்குவம் செய்யாதது என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. முதலில் பொருளுக்குச் சொன்னார்கள், பிறகு ஆளுக்குச் சொன்னார்கள். எதிர்ச் சொல்லையும் தேடினேன். ‘பொலைட்’. அதுவும் லத்தீன்தான். தேய்த்துப் பளபளப்பாக்கியது என்று பொருள். நாம் சொல்கிற பாலிஷும் அதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

சாயங்காலம் இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“இரு, இரு. மறுக்காச் சொல்லு. கை படாததுன்னா? பவுண்டரியில வார்த்த பம்பு பாடி வருமே, மண்ணும் பிசிறுமா, தொட்டா கையக் கிழிக்கும். அந்த மாதிரியா?”

“அப்படித்தானுங்க போட்டிருக்குது.”

“அப்பறம் எதுக்கு அழுவறே? அத நாங்க ரிஜெக்ட்னு சொல்ல மாட்டோம் அம்மணி. அதுக்கு வேலை பாக்கி இருக்குதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நிரந்தர வேலை போய்விடுமோ என்ற பயம் போகவில்லை. அந்த வாரம் முழுவதும் வேலை நேரத்தில் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கையால் நாற்காலியைக் காட்டினேன், கையால் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னேன். ஊமை என்று நினைத்து ஒரு பெண்மணி என்னிடம் ரொம்ப அன்பாக நடந்துகொண்டார்.

4

ஹார்ட்லி உயரமானவர். கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார். எதிரே உட்கார்ந்ததும் நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஐயா, என் மொழியில் ‘ப்ளீஸ்’ தனிச் சொல்லாக வராது. வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ‘குடு’ என்றால் உத்தரவு. ‘குடுங்க’ என்றால் அதற்குள்ளேயே மரியாதை வந்துவிட்டது. அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது வால் அறுந்துபோகிறது. உங்களுக்கு வந்து சேர்ந்தது வெறும் ‘குடு’.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “ப்ளீஸுக்குச் சொல்லே இல்லையா உங்கள் மொழியில்?” என்றார்.

“இருக்கிறது. ‘தயவுசெய்து’. ஆனால் அது பெரும்பாலும் சுவரில்தான் இருக்கும். தயவுசெய்து இங்கே துப்பாதீர்கள். தயவுசெய்து வண்டியை நிறுத்தாதீர்கள். யாராவது வாயால் தயவுசெய்து என்றால் அவர்கள் பயங்கரக் கோபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.”

லிண்டா சத்தமாகச் சிரித்தார். ஹார்ட்லி சிரிக்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு ஊசி என்றால் பயம். சின்ன வயதில் இருந்து. இந்த வயதில் வெளியே சொல்ல வெட்கம். நீ என்ன சொன்னாய் என்பதைவிட, நீ ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.”

அதற்கு என்னிடம் இலக்கணம் எதுவும் இல்லை. அன்றைக்கு வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். நான் நரம்பைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், பெயர்ச் சீட்டைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லைதான். கோயமுத்தூரிலும் இப்படி எத்தனையோ முகங்களைப் பார்க்காமல் விட்டிருப்பேன். அங்கே ‘ங்க’ என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

“அது என் தப்பு” என்றேன். “மன்னிச்சுக்கங்க” என்று தமிழிலும் சொன்னேன். எப்படியோ அது வந்துவிட்டது.

ஹார்ட்லி படிவத்தை வாங்கி, புரிதல் குறைவு, தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் என்னை நிரந்தரம் செய்தார்கள். லிண்டா எனக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். ‘பாப்’. கையை இங்கே பாப் பண்ணுங்கள், சட்டையைக் கொஞ்சம் மேலே பாப் பண்ணுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் அதைப் போட்டால் உத்தரவு உத்தரவாகத் தெரியாது. இங்கிலாந்துக்காரர்களின் ‘ங்க’ அது என்று வைத்துக்கொண்டேன். இப்போது எங்கள் பிரிவில் புதிதாக வருகிற கேரளப் பெண்களுக்கும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கும் நான்தான் இதையெல்லாம் சொல்லித் தருகிறேன்.

5

அதற்கு அடுத்த வருடம் இனியா பிறந்தாள். இப்போது அவளுக்குப் பதினாலு வயது. வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். பத்து வயது வரை அது ஓடியது. பிறகு பள்ளிக்கூடத்து விஷயங்கள் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்தன. பிறகு கோபங்கள். இப்போது சாப்பாடும் தூக்கமும் மட்டும்தான் தமிழில். அதுவாவது இருக்கிறதே என்று நாங்கள் இருந்தோம்.

ஒன்றை நாங்கள் கவனிக்கவே இல்லை. பிள்ளைகள் தங்களிடம் பேசுவதைத்தான் திருப்பிப் பேசுகிறார்கள். நாங்கள் அவளிடம் வா, போ, உக்காரு, சாப்பிடு என்றோம். பெரியவர்களுக்குச் சொல்கிற தமிழை அவள் கேட்கவே வீட்டில் வேறு ஆள் இல்லை. நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வது அவள் காதில் விழுமே என்றால், அது அப்பா அம்மாவின் பேச்சு, அவளுக்கு அது வானொலி மாதிரி. அவளுடைய தமிழில் ‘ங்க’ என்பதே இல்லை. இங்கே எங்களோடு இருக்கும்வரை அது குறையாகவும் தெரியவில்லை.

பங்குனி கடைசியில் என் அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். இனியாவுக்கு ஈஸ்டர் விடுமுறை. நானும் அவளும் மட்டும் வந்தோம். பெண் பல்லடம். பெண்ணின் அப்பா நாச்சிமுத்து, கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். உறவு முறைப்படி எனக்கு மாமா, இனியாவுக்குப் பெரியப்பா.

விசேஷம் பெண் வீட்டுச் செலவில் அவர்கள் ஊர் மண்டபத்தில். பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று கைகூப்பி “வாங்க, வாங்க, சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்” என்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். “ஏனுங்க சம்பந்தி, செத்த உக்காருங்க.” “நீங்க உக்காருங்க மாமா.” அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

நான் உள்ளே சீர்த்தட்டுகளோடு இருந்தேன். திடீரென்று வாசலில் இனியாவின் குரல் கேட்டது. நன்றாகத் தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பேசுகிறவள் மாதிரி.

“நீ இங்க உக்காரு. எங்கயும் போகாத. உக்காருன்னா உக்காரு!”

எட்டிப்பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, நாச்சிமுத்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்து அதில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். அவரைச் சுற்றி இரண்டு வீட்டு ஆட்களும் நின்றிருந்தார்கள். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியே உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் கசமுசவென்று பேச ஆரம்பித்தார்கள்.

அவர் தங்கை யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்ன மாதிரியும் இருந்தது. “தாம்பூலம் மாத்தறதுக்கு முன்னயே மாப்பளை ஊட்டுப் புள்ளை பொண்ணப் பெத்தவரை நீ, வா, போங்குது. நாளைக்கு நம்ம புள்ளை அங்க போயி என்ன பாடு படுமோ.”

6

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். காரணம்பேட்டை தாண்டியதும் அண்ணன் பொறுக்க முடியாமல் சொன்னார்.

“ஏன் அம்மணி, புள்ளைக்கு இதக்கூடச் சொல்லித்தர்றதில்லையா? சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க? திமிருன்னுதானே நெனைப்பாங்க?”

இனியா பின்சீட்டில் இருந்து என்னை ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நான் ரூடாக நடந்துகொண்டேனா?”

பதினைந்து வருடத்துக்கு முன்னால் சாத்திய அந்த அறைக்குள் மறுபடியும் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நான் பேசாமல் இருந்ததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

“சரி. இனி நான் தமிழ் பேசவில்லை. பேசினால்தானே தப்பு வரும்” என்றாள், அதுவும் ஆங்கிலத்தில்.

சொன்னபடியே இரண்டு நாள் இருந்தாள். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம். எல்லாரிடமும் மிக மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினாள். தோசை வைத்தால் தேங்க்யூ. தண்ணீர் வேண்டுமென்றால் ப்ளீஸ். குறுக்கே யாராவது வந்தால் சாரி. அண்ணன் மனைவியையும் நாத்தனாரையும் எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். என் நங்கைக்கு இது தாங்கவில்லை.

“ஏனுங் நங்கை, நாம என்ன ஓட்டலா நடத்தறோம்? ஒரு கரண்டி சட்னிக்குத் தேங்க்ஸ் சொல்லுதுங்க இந்தப் புள்ள. எனக்கு என்னமோ அதுக்கு நாம வேத்தாளா ஆயிட்ட மாதிரி இருக்குது.”

என் பயம் வேறு. இந்த வயதில் ஒரு மொழியை வைராக்கியமாக மூடி வைத்தால் பிறகு திறக்கவே மாட்டார்கள். இங்கிலாந்தில் எங்களோடு பழகுகிற நாலைந்து குடும்பங்களில் அப்படி மூடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு நாள் ஏதோ ஒரு கேலி, ஒரு திருத்தம், அதோடு சரி.

மூன்றாம் நாள் காலையில் இனியா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். நானும் போய், ஈரத்துணியை உதறிக்கொண்டே, அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அம்மாவைப் பற்றிப் பிள்ளைக்கு மட்டமாகத் தோன்றிவிடும் என்று ஒளித்து வைத்திருந்தேன். சிட் டவுன், கிவ் யுவர் ஹேண்ட், கோ அண்ட் கம், எல்லாம் சொன்னேன். ‘கோ அண்ட் கம்’முக்கு அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நின்று யோசித்து, ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

“நீ ரூடு இல்லையே. நீ தமிழை ஆங்கிலத்தில் பேசினாய்.”

“ஆமா. நீ என்ன செஞ்ச?”

“என்னிடம் நீயும் அப்பாவும் பேசுகிற தமிழை நான் அவரிடம் பேசினேன்.” சொல்லிவிட்டு போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினாள். லத்தீன், கை படாதது, எல்லாவற்றையும் படித்தாள். திடீரென்று, “இதைப் பார், ‘ரூடிமெண்ட்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். தொடக்கப் பாடம். ரொம்பப் படித்தவர்களுக்குச் சொல்கிற ‘எருடைட்’கூட இதில் இருந்துதான் வருகிறது, கரட்டுத்தனத்தை எடுத்துவிட்டவர்” என்றாள். போனை வைத்துவிட்டு, “அப்படியானால் என் தமிழ் ரூடு இல்லை, ரூடிமெண்டரி” என்றாள்.

“இருக்கட்டும். பெரியப்பாகிட்ட போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாமா?”

ஒரு சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, இன்னொன்றும் மாட்டினாள். “எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டாள். தமிழில்.

7

அன்றைக்கே பதினொரு மணிக்கு அண்ணன் காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் இனியா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க.

பண்ணை, பல்லடத்துக்கு வெளியே. நாங்கள் வருவதைச் சொல்லவில்லை. நாச்சிமுத்து மாமா பனியனும் லுங்கியுமாகக் கொட்டகையில் இருந்து வந்தார். வலது காலை ஊன்றாமல் இழுத்து இழுத்து நடந்தார். அவர் தங்கையும் அங்கேதான் இருந்தார். அண்ணன் பதற்றமாக, “அன்னைக்குப் புள்ளை தெரியாம பேசிப்போட்டுதுங்க” என்று ஆரம்பித்தார். இனியா அவரைத் தாண்டி முன்னால் வந்தாள்.

“பெரியப்பா, நான் உங்கள நீன்னு சொல்லிட்டேனுங்க. தப்புங்க. மன்னிச்சுக்கங்க.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். மாமா அவளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கா கண்ணு சூலூர்ல இருந்து வந்தீங்க?” லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கணுக்கால் வீங்கி, தையல் போட்ட தழும்பு செவசெவவென்று இருந்தது. “மாசி மாசம் வண்டியில இருந்து உழுந்து உள்ள கம்பி வெச்சிருக்குதுங்க. விசேஷ ஊட்டுல சொன்னா அபசகுனம்பாங்கன்னு உங்க பக்கம் யார்கிட்டயும் சொல்லல. ஏனுங்க மாப்பளை, அன்னைக்கு வாசல்ல ஒரு எரநூறு பேரு என்கிட்ட உக்காருங்க, உக்காருங்கன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. ஒருத்தராவது சேர் கொண்டாந்தீங்களா?”

அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இந்தப் புள்ளதானுங்க கொண்டாந்துச்சு. உக்காந்தவொடனே வலி விட்டதுல எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நாலு பேரு பாத்துருவாங்களேன்னு மூஞ்சிய அப்படி வெச்சுட்டேன். அத நீங்க கோவம்னு நெனைச்சுட்டீங்களாக்கு?” இனியாவைப் பார்த்தார். “உனக்கு எப்படித் தெரிஞ்சுது கண்ணு?”

“நீ ஒத்தைக் காலுல நின்னுட்டு இருந்தே... இருந்தீங்க. சிரிக்கும்போது மட்டும் பல்லைக் கடிச்சீங்க.”

அவர் தங்கை உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். முதல் டம்ளரை இனியாவிடம் நீட்டினார். “நாந்தானுங்க அம்மணி வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன்” என்றார் என்னிடம். “அண்ணன் கால் அப்படி வீங்கியிருக்கறது கூடப் பொறந்த எனக்கே தெரியல.”

இனியா மோரைக் குடித்துவிட்டு, தேங்க்யூ என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, “நல்லா இருக்குதுங்க” என்றாள்.

அந்த அத்தை முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு டம்ளர் ஊற்றினார். மாமா இனியாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கோழிகளைக் காட்டினார். திரும்பி வரும்போது அவள் அவர் பக்கத்தில் தோள் கொடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் கேள்வி கேட்டுக்கொண்டும் அவர் பதில் சொல்லிக்கொண்டும் வந்தார்கள். நீயும் நீங்களும் பாதிப் பாதியாக வந்தன. யாரும் திருத்தவில்லை.

8

விடுமுறையில் மீதி இருந்த ஏழு நாளும் இனியா ‘ங்க’ போட்டுக்கொண்டே இருந்தாள். போட வேண்டிய இடத்திலும் போட்டாள், வேண்டாத இடத்திலும் போட்டாள். பூனையிடம் போட்டாள். “நான் குளிக்கப் போறேங்க” என்று பொதுவாக வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். நங்கைக்கு ஒரே சந்தோஷம். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எங்களால் வர முடியவில்லை. மாமா உட்கார்ந்துகொண்டு வரவேற்கிற படத்தை அண்ணன் அனுப்பியிருந்தார்.

இங்கே திரும்பியபின் பழைய ஓட்டம்தான். காலை ஆறே முக்காலுக்குப் பஸ், எட்டு மணிக்கு முதல் நோயாளி. இப்போதெல்லாம் முதலில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைப் பார்க்கிறேன். இனியாவின் ‘ங்க’ ஊரோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் போயும் விட்டது. ஆனால் போன சனிக்கிழமை, மடித்த துணியை வைப்பதற்காக அவள் அறைக்குள் நேராக நுழைந்துவிட்டேன். அவள் போனில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல கோபம்.

“கதவைத் தட்டிட்டு வர மாட்டீங்களா? ரொம்ப ரூடுங்க நீங்க!”

அவளுடைய கோபம் தமிழில் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. துணியோடு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு, விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினேன்.

“வரலாமுங்களா?”

உள்ளே தோழியிடம் ‘பை’ சொல்லிப் போனை வைப்பது கேட்டது. பிறகு, “வாங்க” என்றாள்.